அம்மனிடம் மட்டும் கேட்கிற கேள்வி

மாசித் திருவிழாவில் அருள் வந்து ஆடுகிற பெண்ணிடம் குடும்பமே கைகட்டி நின்று குறை கேட்கிறது. ஆழ்மன உளவியல் பிறந்ததும் கிட்டத்தட்ட இப்படி ஓர் அறையில்தான்.

மாசி பிறந்தால் மேச்சேரியில் பம்பைச் சத்தம் தொடங்கிவிடும். பத்ரகாளியம்மன் தேரோட்டத்துக்குச் சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கமிருந்தெல்லாம் சனம் வருகிறது. விசைத்தறிப் பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு வருகிறார்கள். லாரி ஓட்டப் போன ஆண்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாள் கணக்குப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். பொங்கல் வைக்க ஒரு கூட்டம், மொட்டை போட ஒரு கூட்டம், கிடா வெட்டு நேர்ந்துகொண்டு வந்தவர்கள் ஒரு பக்கம். இந்த நெரிசலில் எங்கேயாவது ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிடும்.

முதலில் கைவிரல் நடுங்கும். பிறகு கொண்டை அவிழும். அதுவரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷனுக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்தவர் இப்போது நடுவில் நிற்கிறார், மற்றவர்கள் விலகுகிறார்கள். பிள்ளையை யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். மாமியார் கைகூப்புகிறார். கையில் வேப்பிலை, நெற்றி நிறையத் திருநீறு. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வருவார்.

“ஏந்தாயி, எதுக்கு இப்பிடி உக்கிரமா வந்திருக்கற? நாங்க என்ன கொற வெச்சோம்? வாயத் தொறந்து சொல்லு தாயி.”

பதில் வரும். “என்னய மறந்துட்டீங்க. எனக்குன்னு என்னடா செஞ்சீங்க?” என்று வரும். “எம்புள்ளய அழ வெச்சுட்டு எங்கிட்ட வந்து என்னத்தக் கேக்கறீங்க?” என்று வரும். கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். “தப்புத்தான் தாயி, செஞ்சர்றோம்” என்கிறார்கள். சில நிமிஷம் கழித்துக் கற்பூரம் காட்டினதும் சாமி மலையேறிவிடும். அந்தப் பெண் தண்ணீர் குடித்துவிட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு, பிள்ளை எங்கே என்று தேடுவார்.

இந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கேள்விதான் விடாமல் உறுத்துகிறது. நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று அவ்வளவு பணிவாக, பதில் வரும்வரை காத்திருந்து கேட்கிறார்களே, அதே கேள்வியை அந்தப் பெண்ணிடம் வீட்டில் வைத்து யாராவது எப்போதாவது கேட்டிருப்பார்களா? கேட்கிறவர் புருஷனாகவோ அண்ணனாகவோ இருக்கட்டும். அட, அந்தப் பெண்ணே தன்னிடம் கேட்டுக்கொண்டது உண்டா?

ஆழ்மன உளவியல் என்று சொல்லப்படும் துறை நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருவதைச் சுருக்கினால், என் புரிதலில், அது இந்தக் கேள்வியைக் கோயில் வாசலிலிருந்து அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவரச் சொல்கிறது. உள்ளே ஒரு குரல் இருக்கிறது. அது தெய்வத்தின் வேஷத்தில் வரும்வரை காத்திருக்காதே, இப்போதே அதன் குறை என்னவென்று கேள் என்கிறது.

மாமன் மகள் பேசிய கதை

இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்று கார்ல் குஸ்தாவ் யுங். சுவிட்சர்லாந்துக்காரர், 1875-ல் பிறந்தவர், பாதிரியார் மகன். அவரை எழுத வைத்த முதல் ஆள் அருள் வந்து பேசிய ஒரு சின்னப் பெண் என்பது பலருக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணின் பெயர் ஹெலன் பிரைஸ்வெர்க். யுங்குக்குத் தாய்மாமன் மகள். பாசல் நகரத்தில் 1890-களில், யுங் மாணவராக இருந்த காலத்தில், வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து ஆவிகளை அழைப்பார்கள். பதின்பருவத்தில் இருந்த ஹெலனுக்குக் கண் செருகிவிடும். செத்துப்போன தாத்தா அவள் வாயால் பேசுவார். அந்த ஊரின் வட்டாரப் பேச்சை மட்டும் பேசிப் பழகிய பெண், அப்போது சுத்தமான இலக்கிய ஜெர்மனில் பேசினாள். போகப் போக இன்னொருத்தி வந்தாள். இவேனஸ் என்று பெயர். நிதானமானவள், கம்பீரமானவள், நிறைய அனுபவப்பட்டவள் போலப் பேசுகிறவள். கூச்சமும் விளையாட்டுத்தனமும் கொண்ட ஹெலனுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை.

யுங் இதையெல்லாம் குறித்துக்கொண்டார். 1902-ல் சூரிக் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த மருத்துவ முனைவர் ஆய்வேடு இதைப் பற்றியதுதான். அந்தக் காலத்து மருத்துவர்கள் இதற்கு வைத்திருந்த பதில் சுலபமானது: நரம்புத் தளர்ச்சி, ஹிஸ்டீரியா, ஏமாற்று. யுங் அங்கே நிற்கவில்லை. இவேனஸ் என்று வந்தவள் ஹெலன் ஆக விரும்பிய பெண், அவளுடைய வருங்காலம். வெளியே வர வேறு வழி கிடைக்காமல் ஆவி வேஷத்தில் வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். நோயாகத் தெரிவதற்குள் வளர்ச்சி ஒன்று முட்டிக்கொண்டிருக்கலாம் என்கிற எண்ணம் அங்கே தொடங்கியது. அவருடைய பிற்கால வேலை எல்லாம் அந்த விதையிலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹெலனுக்கு அதனால் நன்மை விளைந்ததா? ஆய்வேட்டில் பெயரை மாற்றியிருந்தார் யுங். ஆனால் பாசல் சிறிய நகரம்; யாரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது மறைந்துவிடவில்லை என்று அந்தக் குடும்பத்தார் பின்னாளில் எழுதினார்கள். ஹெலன் தையல் கற்றுத் திறமையான தையற்காரர் ஆனார். காசநோய் வந்து 1911-ல், முப்பது வயதில், இறந்துபோனார். இவேனஸ் போல நிதானமான ஒரு பெண்ணாக அவர் வளர்ந்துகொண்டிருந்ததாக யுங் பிறகு சொன்னார். அவர் ஹெலனிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று படிக்கும்போதெல்லாம் மனம் கேட்கிறது. இவேனஸிடம் அத்தனை கேள்வி கேட்டவர்தானே.

வியன்னாவில் இதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு பெண். பெர்த்தா பாப்பன்ஹைம். வசதியான யூதக் குடும்பம், நல்ல அறிவு, ஆனால் மேற்படிப்பு கிடையாது. நோயில் கிடந்த அப்பாவுக்கு இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை. 1880-ல் கை மரத்தது, பார்வை குழம்பியது, தாய்மொழியான ஜெர்மன் மறந்துபோய் ஆங்கிலம் மட்டும் வந்தது. ஜோசப் பிராயர் என்ற மருத்துவர் நாள்தோறும் போய் அவர் பேசுவதைக் கேட்டார். பேசப் பேசச் சில தொந்தரவுகள் விலகின. பேச்சே வைத்தியம் என்று அதற்குப் பெயர் வைத்ததும் பெர்த்தாதான். பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895-ல் வெளியிட்ட புத்தகத்தில் அன்னா ஓ. என்று வருகிற பெண் இவர்.

அவர் அந்த வைத்தியத்திலேயே குணமாகிவிட்டார் என்று சொல்லப்பட்டது சரியில்லை. அதற்குப் பிறகும் சானடோரியங்களில் இருந்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிந்தைய வாழ்க்கையைப் பாருங்கள். அநாதைப் பெண் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்தினார். பெண்களைக் கடத்தி விற்பதை எதிர்த்து ஊர் ஊராகப் போனார். 1904-ல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். அப்பாவின் கட்டிலருகே வாயடைத்துப்போன பெண் மேடையேறிப் பேசினார். அவருக்குள் இருந்த குறை என்ன என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்த வாழ்க்கையே பதில்.

கல்கத்தாவில் ஒரு வைத்தியர்

ஆழ்மன உளவியல் நம் நாட்டுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. கல்கத்தா மருத்துவர் கிரிந்திரசேகர் போஸ் 1921-ல் மனத்தில் அமுக்கிவைத்தல் பற்றி ஆய்வேடு எழுதி, அதை ஃபிராய்டுக்கு அனுப்பிவைத்தார். மறு ஆண்டே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் உருவானது. தன் ஊர் நோயாளிகளின் மனம் வியன்னாக்காரர்களின் மனம் போலவே இருக்க வேண்டும் என்பதில்லை என்று ஃபிராய்டிடமே கடிதத்தில் வாதாடியவர் போஸ். 1931-ல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை போனது.

யுங்கே 1937 டிசம்பரில் இந்தியா வந்தார். இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கு அழைப்பு. காசி, அலகாபாத், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுத்தன. நடுவில் சீதபேதி கண்டு கல்கத்தா மருத்துவமனையில் படுத்துவிட்டார். தெற்கே வந்தவர் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே தவிர்த்ததாகப் பின்னால் எழுதினார். கொழும்பு வழியாக ஊர் திரும்பினார். 1938-ல், எல்லார் மனத்துக்கும் பொதுவான ஆதி உருவமான தாய் என்னும் ஆழ்படிமத்தைப் பற்றி ஐரோப்பாவில் அவர் ஆற்றிய உரையில் காளி வருகிறாள்: அள்ளி அணைக்கிறவளும் அழிக்கிறவளும் ஒருத்தியே என்பதற்கு அவர் கண்ட பெரிய சாட்சி. மேச்சேரியில் ஒரு கிழவி இதை வெகு சாதாரணமாகச் சொல்லிவிடுவார். அதில் இருக்கும் துணிச்சலைத்தான் நாம் கவனிப்பதில்லை. தாயென்றால் பொறுமை என்று பாடம் நடத்துகிற வீட்டில், தாயின் கோபத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். அந்தக் கோபம் கருவறையில் இருக்கும்வரை சரி. சமையலறைக்கு வந்தால் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம்.

முடிச்சு எங்கே இருக்கிறது?

சூரிக்கில் பூர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தபோது யுங் ஒரு சோதனையைக் கையாண்டார். நூறு சொற்கள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எதிரில் இருப்பவர் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். கையில் நிறுத்துகடிகாரம். பெரும்பாலான சொற்களுக்கு உடனே பதில் வரும். சிலவற்றில் தடுக்கும். சிரிப்பு வரும், இருமல் வரும், கேட்ட சொல்லையே திரும்பச் சொல்வார்கள். தடுக்கிய சொற்களை மட்டும் எடுத்து அடுக்கினால் அந்த ஆளின் மறைந்த வலி வெளியே தெரிந்தது.

நம் வீட்டுச் சொற்களைப் போட்டுப் பாருங்கள். தறி, பஸ், மழை, சீர், ஆடு, அண்ணன், சாராயம், ராத்திரி. எந்தச் சொல்லில் தொண்டை அடைக்கிறது? அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த முடிச்சு நம் பிடியில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். யுங்கைக் கேட்டால், பல நேரம் அதன் பிடியில்தான் நாம் இருக்கிறோம் என்பார். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் மனிதர் “சீர்” என்ற சொல் காதில் விழுந்ததும் குரல் மாறி, முகம் மாறி, இருபது வருஷத்துக்கு முந்தைய கல்யாணச் சண்டையை நேற்று நடந்ததுபோல எடுக்கிறார். பம்பை அடிக்காமலே வந்த ஆவேசம் அது.

அமுக்கிவைத்தது ஒழிந்துபோவதில்லை என்பதற்குச் சாட்சி தேடி மேச்சேரிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேட்டூர் அணை 1934-ல் வந்தபோது மூழ்கிய ஊர்களின் நந்தி சிலையும் கிறிஸ்தவர் கட்டிய இரட்டைக் கோபுரமும், நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பரிசல்துறைப் பக்கம் வெளியே தெரிகின்றன. சனம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறது. மனத்திலும் நீர்மட்டம் இறங்குகிற காலங்கள் உண்டு. பிள்ளைகள் கட்டிக்கொண்டு போன பிறகு, வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, பெரிய நோயிலிருந்து எழுந்த பிறகு, பெற்றவர்கள் போன பிறகு. நாற்பதுக்கு மேல் வருகிற காரணமில்லாத சலிப்பை யுங் நோயாகப் பார்க்கவில்லை. முதல் பாதியில் வாழாமல் விட்ட வாழ்க்கை இரண்டாம் பாதியில் கணக்குக் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

தன்னைப் பற்றி நாம் ஒத்துக்கொள்ள மறுப்பதையெல்லாம் அவர் நிழல் என்றார். தனி ஆளுக்கு இருப்பதுபோல ஊருக்கும் நிழல் உண்டு. இதை எழுதாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. பிறந்த பெண் சிசுக்களைக் கொன்றுவிடுகிற கொடுமையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 851. மாநிலக் கணக்கு 942. மாசிக்கு மாசி அம்மனுக்குத் தேர் இழுக்கும் அதே மாவட்டம். பக்தி பொய்யென்று நான் சொல்லவில்லை; பக்தி உண்மை, அந்த எண்ணும் உண்மை. ஒரே மனம் இரண்டையும் அடுத்தடுத்த அறையில் வைத்துக்கொண்டு நடுக்கதவைச் சாத்தியிருக்க முடிகிறது. ஆழ்மன உளவியல் கேட்பது அந்தக் கதவைத் திறக்கச் சொல்லித்தான். நிழலை ஒத்துக்கொள்ளாதவர் அதை இன்னொருவர் முகத்தில் பார்ப்பார். நம் ஊரில் அந்த முகம் பெரும்பாலும் மருமகளின் முகம், அல்லது பக்கத்துத் தெருச் சாதிக்காரனின் முகம்.

விடிய விடிய

பெண்களுக்கு அருள் இருப்பதுபோல, உள்ளே இருப்பது வெளியே வர ஆண்களுக்கு ஒரு வழி உண்டா? உண்டு, கூத்துக் களத்தில். சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் இன்னும் தெருக்கூத்து விடிய விடிய நடக்கிறது. மேட்டூர் வட்டத்து ஏர்வாடியிலிருந்து மணல்வீடு இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணனும் அவருடைய களரி அமைப்பும் இந்தக் கலைஞர்களைத் தேடித்தேடிப் பதிவுசெய்து, கௌரவித்து வருவது பெரிய தொண்டு.

பாஞ்சாலி வேஷம் கட்டுகிறவர் ஆண். பகலில் அவர் கூலி வேலைக்கோ தறிக்கோ போகிறவராக இருக்கலாம். துகிலுரியும் கட்டத்தில் கூந்தலை அவிழ்த்துவிட்டு சபையைப் பார்த்து அவர் நியாயம் கேட்கும்போது, முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கைவைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. இந்தக் கொடுமையைச் செய்யப்போகிறவன் நான், இது எனக்குள்ளும் இருக்கிறது, ஆனால் நான் இது மட்டும் இல்லை என்று ஒருவர் ஊர் முன்னால் நின்று காட்டுகிறார். நிழலோடு பழக இதைவிட நேர்மையான பயிற்சி எந்த உளவியல் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

தமிழகத்தின் வடபகுதியில் சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைப்பார்கள். உயிரோடு இருந்தவரை மகனே என்று சபையறியக் கூப்பிட முடியாத குந்தி, கர்ணன் விழுந்த பிறகு மடியில் போட்டு அழுகிறாள். அந்த நேரத்தில் களத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்களைப் பார்க்க வேண்டும். அப்பன் செத்ததற்கு அழாத மகன் குந்திக்காக அழுவான். வேறெங்கும் அழ அவனை யாரும் விட்டதில்லை.

மலையேறிய பிறகு

அருள் வருவதற்கு ஒரு வாசல் இருப்பதுபோல, போவதற்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். பம்பையும் உடுக்கையும் அழைக்கின்றன. கற்பூரமும் தண்ணீரும் வழியனுப்புகின்றன. சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஆட்கள். இந்த எல்லை இல்லாமல் உள்ளே இருப்பதைத் திறந்துவிடுவது ஆபத்து. யுங்குக்கும் இது தெரிந்திருந்தது. ஃபிராய்டுடன் உறவு முறிந்த பிறகு, 1913 முதல், அவர் தன் மனத்திலிருந்து எழுந்த உருவங்களோடு பேசத் தொடங்கினார். அந்த உரையாடல்களைப் பெரிய சிவப்புத் தோல் அட்டைப் புத்தகத்தில் படங்களோடு எழுதிவைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 2009-ல்தான் அது அச்சில் வந்தது. அந்த நாட்களில் தன்னைக் காப்பாற்றியது மனைவி மக்களும் தினமும் வந்த நோயாளிகளும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கோயில் வாசலில் நடப்பதில் ஆறுதல் நிஜமாகவே இருக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் 2000-ல் ஆராய்ந்தார்கள். மருந்து இல்லாமல், பலவந்தம் இல்லாமல், குடும்பத்தோடு சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியானது. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனாலும் மதிக்கத்தக்க சாட்சி. இதற்கு நேர் எதிர்முனையில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலி போடுவதைத் தடைசெய்கிறது.

ஆனால் முதலில் கேட்ட என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சாமி மலையேறிய பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டால், “நா என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியலைங்க” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மறதி அவருக்குக் கவசம். புருஷன் வீட்டாரை நாலு பேர் முன்னால் அதட்டிய பழி அவர் மேல் வராது. அதே மறதி வீட்டாருக்கும் வசதி. அம்மன் கேட்டது என்று ஒரு பொங்கலும் ஒரு சேலையும் செய்துவிட்டால் கடன் தீர்ந்தது. “எம்புள்ளய அழ வெச்சுட்டீங்க” என்ற சொல்லில் புள்ளை யார் என்று தேடுவதில்லை.

மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் தென்னார்க்காட்டுப் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்து 2000-ல் ஒரு புத்தகம் எழுதினார். புதிதாகக் கட்டிக்கொடுத்த பெண்களுக்குத்தான் பேய் அதிகம் பிடிக்கிறது. அந்தப் பேயை ஓட்டுவது கடைசியில் அவளைப் புருஷன் வீட்டுக்கு இணக்கமாகத் திருப்பி அனுப்புவதில் முடிகிறது என்று அவர் கண்டார். கடுமையான முடிவு. இலங்கையின் கணநாத் ஒபேசேகர இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். கதிர்காமத்தில் சடைமுடியோடு திரியும் பக்தர்களைப் பற்றி 1981-ல் அவர் எழுதினார். தன்னை உலுக்கிய ஆவேசத்தையே பற்றிக்கொண்டு, அழுந்திக் கிடந்த வாழ்க்கையிலிருந்து எழுந்து, குறிசொல்லும் தாயாக மரியாதை பெற்ற பெண்கள் அதில் வருகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. உள்ளிருந்து வந்த சொல் யாருடையது என்று அந்தப் பெண் பின்னால் தெரிந்துகொள்ள முடிந்த இடத்தில் வளர்ச்சி நடக்கிறது. மறந்தே ஆக வேண்டியிருக்கிற இடத்தில் அடுத்த மாசியில் அதே கதை.

நம்மிடம் நாமே கேட்பது

அதற்கு வழி என்ன? யுங் செய்ததில் ஒரு பகுதியை யாரும் செய்யலாம். அடிக்கடி வருகிற கனவு, காரணமில்லாமல் பொங்கும் கோபம், ஒருவரைக் கண்டாலே வரும் வெறுப்பு, இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டு ஒன்று போதும். அந்தக் கோபம் எதிரில் வந்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, கோயிலில் பெரியவர் கேட்கிற அதே மரியாதையோடு கேளுங்கள்: ஏன் வந்தாய், உனக்கு என்ன குறை வைத்தேன்? மனத்தில் வருவதைத் திருத்தாமல் எழுதுங்கள். அசிங்கமாக வரும், அற்பமாக வரும். வரட்டும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். யுங் வற்புறுத்தியது இதற்கு அடுத்த படி: நீங்கள் பதில் சொல்ல வேண்டும். உள்ளிருக்கும் குரல் கேட்பதையெல்லாம் செய்துவிடக் கூடாது. தம்பியை வெட்டு என்று அது சொல்லலாம். அதோடு வாதாடுங்கள். நீ கேட்பது இது, என்னால் முடிந்தது இது என்று பேரம் பேசுங்கள். பிறகு ஒத்துக்கொண்டதை வெளி வாழ்க்கையில் செய்துகாட்டுங்கள், சின்னதாக இருந்தாலும். நோட்டை மூடி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ பிள்ளைக்குச் சோறு போடவோ எழுந்துவிடுங்கள், அதுதான் மலையேற்றம்.

எல்லாருக்கும் எல்லா நேரத்துக்கும் இது பொருந்தாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நாள் கணக்கில் தூக்கம் இல்லை, ஆள் இல்லாமல் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் நோட்டும் வேண்டாம், வேப்பிலையோடும் நிறுத்த வேண்டாம். மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டு மருத்துவரிடம் போவதை எந்த அம்மனும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. உள்மனம், தியானம், கனவு என்று பேசுகிறவர்கள் பலர் எல்லாக் குறைக்கும் தீர்வு உள்ளுக்குள்ளேயே இருப்பதாக முடித்துவிடுகிறார்கள். பெர்த்தாவின் கதை அப்படி முடியவில்லை. மேச்சேரிப் பெண்ணின் குறையும் அப்படி முடிய வேண்டியதில்லை. தமிழ்நாடு 1989-லேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2005-ல் நாடு முழுக்க அது சட்டமானது. அதற்குப் பிறகும் எத்தனை தங்கைகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தாய்வீட்டுச் சோறு நிலைத்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குறைதான் திருவிழாவில் ஆடுகிறது என்றால் அம்மனுக்குப் பட்டுச் சாத்தினால் தீராது. அண்ணன் சார்பதிவாளர் அலுவலகம்வரை வர வேண்டியிருக்கும். தங்கை கேட்பது நிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாதியில் நிறுத்திய டீச்சர் டிரெய்னிங்காக இருக்கலாம். குடித்துவிட்டு வருகிறவன் கூட இனிப் படுக்க முடியாது என்பதாக இருக்கலாம். வருஷத்தில் பத்து நாள் எந்த வேலையும் செய்யாமல் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவதாகக்கூட இருக்கலாம். எதுவென்று அவரைக் கேட்டால்தான் தெரியும்.